கங்காணி என்ற சொல்லும் அதன் கதையும்



சென்ற தவணையில் என் நான்காம் ஆண்டு வகுப்பில் இரண்டு பையன்களுக்குள் சண்டை வந்துவிட்டது. "சார், இவன் என்னைக் கங்காணி வீட்டுப் பையன்னு கிண்டல் பண்றான் சார்" என்று ஒருவன் அழுதான். "அவங்க பூட்டன் கங்காணிதானே சார், எங்க பாட்டியே சொல்லிச்சு" என்றான் மற்றவன். இருவரையும் சமாதானப்படுத்தி உட்கார வைத்தேன். ஆனாலும் அந்தப் பேச்சு என் மனத்தை விட்டுப் போகவில்லை. ஒரு பதவியின் பெயர் எப்படி வசைச் சொல் ஆயிற்று? அதைப் பற்றிச் சில வார்த்தைகள் உங்களோடு பேச விரும்புகிறேன்.

கங்காணி என்பது கண்காணி என்ற நல்ல தமிழ்ச் சொல்லின் திரிபு. கண்ணால் கண்டு காப்பவர் என்பது பொருள். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்வை செய்த அதிகாரியைக் குறிக்க இச்சொல் வருகிறது. திருமூலரோ தம் திருமந்திரத்தில், எங்கும் நிறைந்து நம்மைப் பார்த்துக் கொண்டிருக்கும் இறைவனையே கண்காணி என்கிறார். இவ்வளவு பெருமை உடைய சொல் இது.

இந்தச் சொல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் வேலையாட்களின் தலைவனுக்குப் பட்டமாயிற்று. பிறகு மலாயாவுக்கும் வந்தது. இங்கே 1910-ஆம் ஆண்டில் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே ரப்பர்த் தோட்டங்கள் பெருகத் தொடங்கியிருந்தன, ஆள் தேவைப்பட்டது. தோட்ட நிர்வாகம் தன்னிடம் வேலை செய்த ஒருவருக்கே உரிமச் சீட்டு வாங்கிக் கொடுத்து, அவருடைய சொந்த ஊருக்கு அனுப்பும். அவர் உற்றார் உறவினரையும் ஊராரையும் சேர்த்துக் கொண்டு, ஆவடி அல்லது நாகப்பட்டினம் முகாம் வழியாகக் கப்பல் ஏற்றி அழைத்து வருவார். 1907-ஆம் ஆண்டுச் சட்டப்படி தோட்டங்களிடம் வசூலித்த நிதியிலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. நம் முன்னோரில் மிகப் பலர் இப்படி ஒரு கங்காணியின் பின்னால் வந்தவர்களே. தனி ஆட்களாக வராமல் குடும்பம் குடும்பமாக வந்ததும் இந்த முறையில்தான் அதிகம்.

அப்படியானால் கங்காணி நல்லவரா, கெட்டவரா? இங்கேதான் நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். கங்காணிக்குச் சம்பளம் மட்டுமல்ல. அவருடைய ஆட்களில் வேலைக்கு இறங்கியவர்களைக் கணக்கிட்டு, தலைக்கு இத்தனை காசு என்று நாள்தோறும் கூடுதல் வரும்படியும் உண்டு. பத்துப் பேர் பெரட்டுக்கு வராவிட்டால் பத்துப் பேரின் காசு போயிற்று! ஆகவே காய்ச்சல்காரனைக்கூட எழுப்பி அனுப்பத் தோன்றும். ஆள் வேறு தோட்டத்துக்குப் போகாமல் தடுக்கவும் தோன்றும். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் கங்காணியிடம் கடன் பட்டவன் எங்கே விலகுவான்?

காலஞ்சென்ற என் பாட்டி பால்மரம் வெட்டியவர். "விடியறதுக்கு முன்னாலே கங்காணி லயத்துக் கதவைத் தட்டும் பாரு, நெஞ்சு திக்குனு இருக்கும்" என்பார். மறு நிமிடமே, "ஆனா எங்க கல்யாணத்தைப் பேசி முடிச்சதும் அந்தக் கங்காணிதான்யா. துரைகிட்டே எங்களுக்காகப் பேச வேற யாரு இருந்தா?" என்பார். இரண்டும் உண்மை. திருவிழா, பஞ்சாயத்து, சாவு, வாழ்வு எல்லாவற்றிலும் கங்காணிதான் முன்னால் நின்றார். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளிக்கூடம் வைக்க வழி செய்தது. அந்தத் தொடக்க காலப் பள்ளிகள் சிலவற்றில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியே வாத்தியாராக இருந்து 'அ, ஆ' சொல்லிக் கொடுத்தார். இன்று அதே தொழிலைச் செய்கிற நான் அதை மறக்கலாமா?

1938-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் உதவி பெற்று வரும் குடியேற்றத்தைத் தடை செய்தது. ஆள் கூட்டி வரும் கங்காணியின் வேலை அதோடு முடிந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் போன்றோரின் தூண்டுதலால் வேலை நிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு, துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1954-இல் தோட்டத் தொழிலாளர்களின் தேசியச் சங்கம் தோன்றியது. தொழிலாளிக்காக நிர்வாகத்திடம் பேசும் வேலை கங்காணியிடமிருந்து சங்கத்துக்குப் போயிற்று.

காலப்போக்கில் மண்டோர் என்ற சொல்லே அதிகம் வழங்கலாயிற்று. இது மலாய் மொழி வழியாக வந்த போர்த்துக்கீசியச் சொல். கட்டளை இடுபவர் என்று பொருள். நம் சொல்லோ 'பார்த்துக் கொள்பவர்' என்கிறது. இரண்டுக்கும் எவ்வளவு தூரம், பார்த்தீர்களா! ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களிலும் மண்டோர் உண்டு. அவர் பார்வையில் இன்று இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். நம் பாட்டன்மார் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். அவர்களை வெறுங் 'கூலி' என்று பேசும் முன், நம் லயத்துக் கதவு தட்டப்பட்ட நாளை நினைத்துக் கொள்வோம்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வகுப்புத் தலைவனும் ஒரு சிறு கங்காணிதான். பேசுகிறவன் பெயரைக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்து ஆசிரியரிடம் நல்ல பெயர் வாங்குவது ஒரு வகைக் கண். பென்சில் இல்லாமல் தவிப்பவன் யார், பசியோடு வந்தவன் யார் என்று பார்த்துச் சொல்வது இன்னொரு வகைக் கண். பதவி ஒன்றே, பார்வைதான் வேறு. முதல் வகைக் கண்தான் அந்தச் சொல்லை வசையாக்கியது. இரண்டாம் வகைக் கண்ணோடு நீங்கள் வளர்ந்து, நாளை எந்த நாற்காலியில் அமர்ந்தாலும் கீழே நிற்பவனைக் காப்பவர்களாக இருங்கள்.

சண்டை போட்ட அந்த இரண்டு பையன்களும் இன்று ஒரே மேசையில் உட்காருகிறார்கள். பரிசு பெறும் மாணவர் அனைவருக்கும் என் நல்வாழ்த்துகள். வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!