அலுமினியம் சொல்லிவிடும், அக்ரிலிக் சொல்லாது

பம்ப் உறையோ மருத்துவக் கருவியின் மூடியோ, ஆயிரக்கணக்கில் செய்ய மோல்டு வெட்டும் முன் ஒன்றே ஒன்றைச் செய்து பார்ப்பார்கள். மோல்டுக்குப் பல லட்சம் ஆகும் என்பதால் தப்பெல்லாம் அந்த ஒன்றிலேயே தெரிந்துவிட வேண்டும். அதைச் செய்து தருகிறவர் மாடல் மேக்கர். கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் இந்த வேலை தெரிந்த கைகள் நிறைய உண்டு. ஆனால் பட்டறைகளில் ஒரு பழைய எண்ணமும் உண்டு: உலோகத்தில் மாடல் செய்கிறவர் வேலைக்காரர், பிளாஸ்டிக்கில் செய்கிறவர் ஏதோ ஒட்டிக் கொடுக்கிறவர். இரண்டிலும் வருஷக்கணக்கில் கை வைத்தவன் நான். அந்த எண்ணம் தவறு என்றே சொல்வேன்.

உலோகம் தப்பை அப்போதே சொல்லிவிடும். அலுமினியத்தில் மில்லிங் ஓட்டும்போது கட்டர் மழுங்கினால் சத்தம் மாறும். சீவல் கட்டர் முனையில் அப்பிக்கொள்ளும். முகம் கிழிந்து கிழிந்து வரும். இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் மறுபடி வழிக்கு வரும். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிற 2 வருஷத்தில் பையன்கள் இரும்புக் கட்டையை அரம் போட்டு, மூலைமட்டம் வைத்து, வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று பார்த்துப் பழகுவார்கள். வெளிச்சம் தெரிந்தால் தப்பு. அந்தப் படிப்பு முழுக்க, பதில் சொல்கிற பொருளோடு பழகுவதுதான்.

அக்ரிலிக் அப்படியில்லை. எங்கள் பட்டறைக்கு ஃபிட்டர் படித்த தம்பி ஒருவன் வந்தான். அரம் பிடிப்பதில் கெட்டிக்காரன். ஒரு கருவிக்கு 8 மி.மீ. அக்ரிலிக்கில் மூடி செய்யக் கொடுத்தேன். அளவெல்லாம் அச்சு மாதிரி வந்திருந்தது. விளிம்பைக் கண்ணாடிபோலத் தேய்த்து, கடைசியில் அலுமினியத்தைத் துடைப்பது போலவே ஸ்பிரிட் தொட்டுத் துடைத்திருக்கிறான். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் துளைகளைச் சுற்றிலும் வெள்ளி நூல் பின்னியது போல மெல்லிய வெடிப்புகள். “அண்ணா, கீழ போடவே இல்லைங்க” என்றான், முகம் வெளுத்துப்போய். போடவில்லை என்பது எனக்கும் தெரியும். துளையிடும்போது எழுந்த சூடு அக்ரிலிக்கின் மேல்தோலில் ஒரு இறுக்கத்தைப் பூட்டி வைத்துவிடுகிறது. கண்ணுக்கும் தெரியாது, வெர்னியருக்கும் தெரியாது. ஸ்பிரிட்டோ ஒட்டும் கரைசலோ பட்டதும் அது வெடிப்பாக வெளியே வருகிறது. துடைப்பதற்கு முன், ஒட்டுவதற்கு முன், 80 டிகிரி அளவில் ஓவனில் சில மணி நேரம் வைத்து, ஓவனுக்குள்ளேயே மெதுவாக ஆறவிட்டிருக்க வேண்டும். இதை நான் முதலிலேயே சொல்லாதது என் தப்பு. அன்று இரவு இருவருமாக உட்கார்ந்து இன்னொன்று செய்தோம்.

உலோகத்துக்குள் இறுக்கமே இல்லை என்று சொல்லவில்லை. உருட்டி வந்த அலுமினியத் தகட்டில் ஒரு பக்கம் மட்டும் ஆழமாக எடுத்துவிட்டு, கிளாம்பைக் கழற்றினால் வில்லாக வளையும். ஆனால் கழற்றிய அந்த நிமிஷமே வளைந்து காட்டிவிடும்.

அளவு விஷயத்தில் இடைவெளி இன்னும் பெரிது. 200 மி.மீ. நீளமுள்ள துண்டு, காலை 24 டிகிரியிலிருந்து மதியம் 36 டிகிரிக்குப் போனால் அலுமினியம் ஏறக்குறைய 0.05 மி.மீ. நீளும், அக்ரிலிக் 0.17 மி.மீ. வரை நீளும். டிராயிங்கில் 0.1 மி.மீ. டோலரன்ஸ் போட்டிருந்தால், காலையில் பாஸ் ஆன மாடல் மதியம் ஃபெயில். எத்தனை மணிக்கு அளந்தோம் என்பதையும் பிளாஸ்டிக்காரர் கணக்கில் வைத்தாக வேண்டும்.

இரண்டு பேரும் ஒன்றாய் நிற்கிற இடமும் உண்டு. பித்தளையில் சாதாரண டிரில் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அதனால் பழைய ஆட்கள் டிரில் நுனியின் வெட்டு விளிம்பைக் கல்லில் லேசாக மழுக்கிக்கொள்வார்கள். அக்ரிலிக்குக்கும் அதே வைத்தியம்தான், கூடவே நுனியை இன்னும் கூராகப் பிடிப்போம். பித்தளையில் துளையிட்டு வளர்ந்தவர் அக்ரிலிக்குக்கு வந்தால் இந்த ஒன்றிலாவது தடுமாற மாட்டார். மரை விஷயத்தில் பிளாஸ்டிக் உலோகத்தின் தயவில்தான் நிற்கிறது. அலுமினியத்தில் நேரே டேப் அடித்துவிடலாம். பிளாஸ்டிக்கில் அடித்த மரை நாலு தடவை கழற்றி மாட்டினால் தேய்ந்துபோகும். அதனால் மரை உள்ள பித்தளை இன்செர்ட்டைச் சால்டரிங் அயர்னால் சூடாக்கி உள்ளே இறக்குவோம். நேராக இறங்க வேண்டும். சாய்ந்து ஆறிவிட்டால் பிடுங்கத்தான் வேண்டும்.

இப்போது 3டி பிரிண்டர் வந்துவிட்டது. சக் ஹல் 1984இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறையின் வாரிசுகள் இன்று சின்னச் சின்னப் பட்டறைகளிலும் ஓடுகின்றன. எந்த மரக்கட்டையிலும் குடைய முடியாத உள்வளைவெல்லாம் ஓர் இரவில் வந்துவிடுகிறது. எனக்கு அதில் மெய்யான சந்தோஷம். ஆனால் மெஷினிலிருந்து எடுக்கிற பொருள் மாடல் ஆகிவிடாது. சப்போர்ட்டை ஒடித்து, அடுக்குக் கோடுகளை 220 உப்புத்தாளில் தொடங்கி 400, 800 என்று தேய்த்து, பள்ளத்தில் பட்டி வைத்து, பிரைமர் அடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். பிரைமர் காய்ந்த பிறகுதான் விட்டுப்போன கோடு தெரியும். இங்கேயும் அதே கதைதான், பொருள் முன்கூட்டி எதையும் சொல்வதில்லை. கூர்மூலை மழுங்காமல் தேய்க்க, உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றிப் பிடிக்கிற பழக்கம் அரம் பிடித்த கையிலிருந்து வந்ததுதான்.

கூலிதான் என்னை வருத்துகிறது. உலோக மாடலுக்கு மெஷின் மணி கணக்கு, ஃபிட்டிங் மணி கணக்கு என்று தனித்தனியாகப் போட்டுத் தருகிறார்கள். பிளாஸ்டிக் என்றால் பல இடங்களில் கிராமுக்கு இவ்வளவு என்று தராசில் வைத்துக் கேட்கிறார்கள். போன மாதம் நாங்கள் முடித்துக் கொடுத்த ஒரு கைப்பிடி மாடல் 40 கிராம். அதைத் தேய்க்க ஒன்றரை நாள் ஆனது. தேய்க்கத் தேய்க்க எடை குறைந்துகொண்டே வந்தது. அடுத்த கொட்டேஷனில் “ஃபினிஷிங் மணி” என்று தனி வரி போட்டு அனுப்பியிருக்கிறேன்.