உள்ளே தைத்த கணக்கு

மகளின் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு ஆங்கில நாடகம். விக்டோரியா ராணி காலத்து லண்டன் வீட்டில் நடக்கும் கதை. இவளுக்கு எஜமானியம்மா வேஷம். நாக்பூர் வாடகைக் கடையில் கிடைத்ததெல்லாம் பளபள சாட்டின் கவுன்தான். "நானே தைச்சுத் தரேன்" என்று வாயை விட்டுவிட்டேன். அப்புறம் என்ன, பேங்க்கிலிருந்து வந்து ராத்திரியெல்லாம் அந்தக் காலத்துத் தையலைப் பற்றிப் படிப்புதான்!

முதலில் புரிந்தது இது. கவுனை முதலில் தைக்கவே கூடாது. ஷெமீஸ், டிராயர்ஸ், கார்செட், இரண்டு மூன்று உள்பாவாடை எல்லாம் முடித்து, அவற்றின் மேல்தான் கவுனுக்கு அளவு எடுக்க வேண்டும்.

ஷெமீஸ் என்றதும் சிரிப்பு வந்தது. சின்ன வயசில் கவுனுக்குள் போட்டுக்கொண்டோமே, ஷிம்மீஸ், அது இதேதான். பட்டு, கம்பளிக் கவுன்களை அடிக்கடி துவைக்க முடியாது. வியர்வையை வாங்கிக்கொள்வது ஷெமீஸ். வெளுப்புக்குப் போவதும் அதுதான். அதனால் டஜன் கணக்கில் தைத்து வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் பெயரின் முதல் எழுத்தும் ஒரு எண்ணும் சிவப்பு நூலால் போட்டிருக்கும். வரிசைப்படி உடுத்தினால் எல்லாம் ஒரே மாதிரி தேயும். அசல் ஸ்டாக் ரிஜிஸ்டர்!

டிராயர்ஸில் இரண்டு காலும் இடுப்புப் பட்டியில் மட்டும்தான் சேரும், நடுவில் தையலே கிடையாது. இத்தனை அடுக்குக்குள் அவசரத்துக்கு வேறு வழி? (மகளுக்கு மூடித்தான் தைத்தேன்.) கார்செட்டை விட்டுவிட்டேன். பக்கம் பக்கமாக வசனம் பேச வேண்டிய பிள்ளை, மூச்சு விட வேண்டாமா?

துணிக்கு லாங்கிளாத் வாங்கினேன். அந்தக் காலத்து ஷெமீஸும் ஆண்கள் சட்டையும் தைத்த வெள்ளைப் பருத்தித் துணிக்கும் இதே பெயர்தான். அந்தப் பெயர் போனது நம்ம கரையிலிருந்து. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் இடம் பிடித்ததே சோழமண்டலக் கரைத் துணிக்காக. நம் நெசவாளர்கள் நீளநீளமாக நெய்த துணி லாங்கிளாத் என்று கப்பல் ஏறியது. விக்டோரியா பட்டத்துக்கு வந்த 1837-க்குள் எல்லாம் தலைகீழ். லங்காஷயர் மில்கள் நெய்து நமக்கே விற்றன. ஜாம்ஷெட்ஜி டாடா இங்கே நாக்பூரில் 1877 ஜனவரி 1-ல் தொடங்கிய மில்லுக்குப் பெயர் எம்ப்ரஸ். அன்றுதான் டெல்லியில் விக்டோரியாவை இந்தியாவின் சக்ரவர்த்தினி என்று அறிவித்தார்கள். அந்த மில்லும் இப்போது ஓடவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி மகள் கேட்டாள், "உள்ளே இருக்கறதை யாரும் பார்க்கப் போறதில்லை, ஏம்மா இவ்வளவு பாடு?"

அவளுக்கு ஒரு பட்டியலைக் காட்டினேன். வீலர் அண்டு வில்சன் என்ற அமெரிக்கத் தையல் மெஷின் கம்பெனி 1860-களில் வெளியிட்டது. கையால் ஒரு ஷெமீஸ் தைக்க 10 மணி 31 நிமிஷம், மெஷினில் 1 மணி 1 நிமிஷம். டிராயர்ஸுக்கு 4 மணி 6 நிமிஷம், மெஷினில் 28 நிமிஷம். பட்டுக் கவுனுக்குக் கையால் 10 மணி 22 நிமிஷம். விற்கிறவன் போட்ட கணக்கு, கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனாலும் பாருங்கள், ஊரே பார்க்கும் பட்டுக் கவுனைவிட யாரும் பார்க்காத ஷெமீஸுக்கு 9 நிமிஷம் கூடுதல்!

மெஷின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. சிங்கர் கம்பெனியின் பங்குதாரர் எட்வர்ட் கிளார்க் 1856-ல் தவணை முறையைக் கொண்டுவந்தார். கடன் கொடுத்தே காலம் தள்ளும் எங்களுக்கு அவர் தாத்தா முறை. மிச்சமான நேரம் பெண்களுக்கு ஓய்வானதா என்றால், இல்லை. ஃப்ரில்லும் மடிப்பும் ஏறி அந்த நேரத்தைத் தின்றுவிட்டன.

மெஷின் வருவதற்கு முன்பே, 1843-ல், கூலிக்குச் சட்டை தைக்கும் பெண்ணைப் பற்றித் தாமஸ் ஹூட் எழுதிய கவிதை பஞ்ச் பத்திரிகையில் வந்து இங்கிலாந்தை உலுக்கியது. கூலிக்குத் தைத்தவளுக்காவது சில பென்னி. வீட்டுக்குத் தைத்தவளுக்கு அதுவும் இல்லை.

நான் தைத்த மெஷின் அம்மாவுடையது. தவணையில் வாங்கியது. அப்பா மாசாமாசம் கட்டிய ரூபாய் எல்லாம் பழைய தவணைக் கார்டில் வரிசையாக இருக்கிறது. அதில் அம்மா தைத்த பாவாடை, ரவிக்கை, ஷிம்மீஸ் எத்தனை? ஒரு வரி கிடையாது. பி.காம் படித்து, இருபது வருஷம் அடுத்தவர் கணக்கைப் பார்த்த எனக்கு இது இப்போதுதான் உறைக்கிறது.

ஷெமீஸ் கழுத்தில் சிவப்பு நூலால் மகளின் முதல் எழுத்தும் 1 என்ற எண்ணும் போட்டிருக்கிறேன். எனக்கு மெஷினிலேயே 4 மணி 10 நிமிஷம் ஆனது. டைரியில் எழுதி வைத்துவிட்டேன்.