பரிந்துபேசல் பணி (சமயத் தொண்டு நிறுவனங்கள்)

சமயப் பற்றின் பேரில் இயங்கும் தொண்டு நிறுவனத்துக்காக அரசு, மாநகராட்சி, பத்திரிகைகள் ஆகியவற்றிடம் பேசி, ஏழைகளுக்கு எதிரான சட்டங்களையும் விதிகளையும் மாற்ற முயலும் வேலை. மருந்தும் அரிசியும் கொடுப்பது வேறு பிரிவின் பொறுப்பு. மருந்து வாங்கியவருக்கு ரேஷன் கார்டு இல்லை என்றால் கேட்கப்போவது இப்பணியில் இருப்பவர்.

மும்பையில் இதற்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவர் அமெரிக்க மராத்தி மிஷனின் கிளிஃபோர்டு மேன்ஷார்ட். நாக்பாடாவில் அவர் நடத்திய சேவை மையத்தின் அனுபவத்திலிருந்து 1936இல் டாட்டா சமூகப்பணிப் பள்ளி எழுந்தது. இன்று செம்பூரை அடுத்த தேவ்னாரில் இருக்கும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதுவே. இத்துறைக்கு வருபவர்கள் பலர் சமூகப்பணியிலோ சட்டத்திலோ பட்டம் பெற்றவர்கள். தாராவியில் 1979இல், திருச்சபைத் தொடர்புடைய ‘பில்டு’ அமைப்பின் முயற்சியால் ‘பிரவுட்’ என்ற குடியிருப்போர் சங்கம் உருவானது. தண்ணீர்க் குழாய்க்கும் கழிப்பறைக்கும் அதிகாரிகளிடம் குடிசைவாசிகளே போய்ப் பேச வேண்டும் என்பது அதன் வழி.

தாராவியை ஒட்டிய சயான் வட்டாரத்தில் இப்பணியின் தேவையை நன்றாகக் காட்டுவது தொழுநோய். மாநகராட்சி ஆணையர் அக்வொர்த் பெயர் தாங்கிய வடாலா மருத்துவமனை, 1890இல் வீடற்ற தொழுநோயாளர்களை அடைத்து வைக்கும் மாட்டுங்கா விடுதியாகத் தொடங்கியது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், தெருவில் பிச்சை எடுக்கும் நோயாளரை வாரண்ட் இன்றிப் பிடித்து அடைக்க இடம் தந்தது. 1976இல் தோன்றிய, சமயச் சார்பற்ற பம்பாய் தொழுநோய்த் திட்டம் சயான்–சுனாபட்டியில் இருந்துகொண்டு தாராவிக் குடிசைகளுக்குச் சிகிச்சையைக் கொண்டு சென்றது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்த பிறகு நோய் மாதக் கணக்கில் குணமானது. சட்டப் புத்தகத்துக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. நோய் உள்ளவர் நகராட்சித் தேர்தலில் நிற்க ஒடிசா விதித்திருந்த தடையை 2008இல்கூட உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

1874இல் வெல்லெஸ்லி பெய்லி தொடங்கிய கிறித்தவத் தொண்டமைப்பான லெப்ரசி மிஷன் மருத்துவமனைகளுக்குப் பெயர்பெற்றது; தமிழ்நாட்டில் வடதொரசலூரிலும் மானாமதுரையை அடுத்த தயாபுரத்திலும் அவை உண்டு. மாத்திரை தருவதோடு நில்லாமல், பாகுபாட்டுச் சட்டங்களை நீக்கக் கோரியவர்களில் அதன் இந்திய அறக்கட்டளையும் ஒன்று. 2015 ஏப்ரலில் இது குறித்துச் சட்ட ஆணையத்தின் 256ஆவது அறிக்கை வந்தது. 2016இல் 1898ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கியது. 2019இல் ஐந்து தனிநபர்ச் சட்டங்களிலிருந்து, மணவிலக்குக்கும், மனைவி பிரிந்து வாழ்ந்து பராமரிப்புக் கோருவதற்கும் காரணமாகத் தொழுநோயைச் சொன்ன வரிகள் எடுக்கப்பட்டன. மருந்து வந்து 38 ஆண்டுகளுக்குப் பின்! இத்தொழிலில் பொறுமை முதல் தகுதி என்பது இதனால்தான்.

அன்றாட வேலை இவ்வளவு பெரிதாக இருப்பதில்லை. தாராவியின் குறை மாநகராட்சியின் ஜி வடக்கு வார்டுக்கும், ரயில் பாதையைத் தாண்டி சயானின் குறை எஃப் வடக்கு வார்டுக்கும் போக வேண்டும். மனுவை மராத்தியில் எழுதத் தெரியாதவர் அங்கே அதிக தூரம் போக முடியாது.

இப்பணிக்கான நிதிக்கும் கட்டுப்பாடு உண்டு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் (2010) அரசியல் தன்மை கொண்ட அமைப்புகள் அயல்நாட்டுப் பணம் பெறுவதைத் தடுக்கிறது. கொள்கை பேசுவது எங்கே முடிகிறது, அரசியல் எங்கே தொடங்குகிறது என்ற சச்சரவு ஓய்ந்தபாடில்லை. 2020 திருத்தம் அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைத்ததோடு, அப்பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தருவதையும் தடுத்தது. பெரிய நிறுவனத்தின் நிதியில் பேட்டைகளில் வேலை செய்துவந்த சிறு சங்கங்களுக்கு அந்த வழி அடைபட்டது.