காகிதத்தில் ஓடிய பெட்ரோல்

கருங்கடற்கரையிலுள்ள ஒடெஸ்ஸா நகரில் வளர்ந்த மராத் பாலகுலா 1977-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்றடைந்தார். சோவியத் நாட்டு யூதர்களுக்கு வெளியேற அனுமதி கிடைத்துவந்த காலம் அது. அவர்களுட் பலர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், பிரைட்டன் பீச் என்னும் கடலோரத்தில் குடியேறினர். அவ்விடத்துக்குச் 'சின்ன ஒடெஸ்ஸா' என்றே பெயர் வழங்கலாயிற்று. மொழி வழங்காத ஊரில் தம்மவர் கடையைத் தேடிச் செல்வது எத்தகையது என்பதை நேயர்களுக்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

பாலகுலா முதலில் துணி வெட்டும் தொழிலாளியாக இருந்தார். பின்னர் பெட்ரோல் நிலையங்களையும் 'ஒடெஸ்ஸா' என்ற உணவு விடுதியையும் நடத்தினார். அப்பகுதியை அச்சுறுத்தி ஆண்ட எவ்சே அக்ரோன் 1985 மே மாதத்தில் சுட்டுக் கொல்லப்படவே, தலைமை இவர் கைக்கு வந்தது. முன்னவர் அடிதடியை நம்பியவர். இவரோ கணக்கேட்டை நம்பியவர்.

அந்தக் கணக்கு வித்தையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். 1982-இல் நியூயார்க் மாநிலம் பெட்ரோல் வரியைச் சில்லறை நிலையங்களிடம் வாங்குவதை விட்டு, மொத்த வியாபாரிகளிடம் வாங்கத் தொடங்கியது. உரிமம் பெற்ற மொத்த வியாபாரிகள் தமக்குள் கைமாற்றும் வரை வரி இல்லை. நிலையத்துக்கு விற்பவரே அதைச் செலுத்த வேண்டும். ஆகவே ஒரே சரக்கு, ஏட்டளவில் மட்டும், பல நிறுவனங்களுக்குக் கைமாறியது. லாரி என்னவோ நேரே நிலையத்துக்குத்தான் சென்றது! இடையில் ஒரு பெயரளவு நிறுவனம், வரி செலுத்தியாகிவிட்டது என்று விலைப்பட்டியல் எழுதித் தரும். அதிகாரிகள் தேடி வரும்போது அங்கே ஆள் இராது. பெட்ரோல் வாங்கியவர் கொடுத்த விலையில் வரியும் அடங்கியிருந்தது. அப்பணத்தைக் கூட்டத்தார் பங்கிட்டுக்கொண்டனர். இத்தாலிய மாஃபியாக் குடும்பங்களுக்கும் கேலனுக்கு இவ்வளவு எனக் கப்பம் சென்றது. ஒழுங்காக வரி கட்டிய நிலையக்காரரால் இவர்களுடைய விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அவரும் பெரும்பாலும் ஒரு குடியேறியே என்பதை மறக்கலாகாது.

1986-இல் கடன் அட்டை மோசடியில் குற்றவாளியெனத் தீர்ப்பானதும் பாலகுலா நாட்டை விட்டு ஓடினார். 1989-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிடிபட்டார். 40 இலட்சம் கேலன் பெட்ரோலுக்கான வரியை ஏய்த்ததற்காக 1992-இல் மேலும் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இதற்கிடையே சட்டமும் விழித்துக்கொண்டது. 1988 முதல் மத்திய அரசின் பெட்ரோல் வரி, கிடங்கிலிருந்து லாரிக்கு ஏற்றும் கட்டத்திலேயே வசூலிக்கப்பட்டது. 1994-இல் டீசலுக்கும் அம்முறை வந்தது. வீடுகளைச் சூடாக்கும் வரியில்லா எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் ஏற்றினர். நம் நாட்டில் ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் கலந்ததும் இதே உபாயம்தான். 2004-இல் விடுதலையான பாலகுலா 2019-இல் காலமானார்.