பாலுக்கு முந்தைய சௌடர்: எலினார் ஏர்லியின் தீர்ப்பு குறித்து ஒரு மறுப்பு

அமெரிக்க எழுத்தாளர் எலினார் ஏர்லி 1940-இல் வெளியிட்ட ‘எ நியூ இங்கிலாண்ட் சாம்ப்ளர்’ நூலில் கெட்டிக் குழம்பான சௌடருக்கு வேலி போடுகிறார். பாலும் மட்டியும் சேர்ந்த வெள்ளைக் கொதிப்பு உள்ளே. தக்காளி சேர்ந்த நியூயார்க் வகை வெளியே. வெளியே தள்ளியதோடு அவர் நிற்கவில்லை, அதைக் காய்கறி சூப் கணக்கிலும் எழுதிவிடுகிறார். இந்த ஆத்திரம் அவர் ஒருவருடையது அல்ல. அதற்கு முந்தைய ஆண்டுதான் மெய்ன் மாநிலச் சட்டமன்றத்தில், மட்டிச் சௌடரில் தக்காளி சேர்ப்பதைத் தடைசெய்ய ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. ஆக, ஏர்லியின் பத்தியை ஒரு காலத்து வட்டாரப் பெருமிதம் என்று எடுத்துக்கொண்டு கடந்துவிடலாம்.

கடக்க முடியாததற்குக் காரணம், வசைக்குள் ஒரு வரலாற்றுக் கூற்று ஒளிந்திருப்பது. பால் முதலில் இருந்தது, தக்காளி பின்னால் நுழைந்தது என்பதே அது. ஏர்லி இதைச் சான்று காட்டி நிறுவுவதில்லை. நிறுவத் தேவையே இல்லாததுபோல எழுதுகிறார். அவர் பத்தியை மேற்கோள் காட்டுவோரும் பெரும்பாலும் நகைச்சுவைக்காகவே காட்டுவதால், உள்ளிருக்கும் கூற்று விசாரிக்கப்படாமலே கைமாறி வந்திருக்கிறது. அச்சில் கிடைக்கும் குறிப்புகளை வரிசைப்படுத்தினால் நிலைமை தலைகீழ். புளிப்பு முன்னது, பால் பின்னது. கிரீம் அதற்கும் பின்னது என்றே தோன்றுகிறது. அப்படியானால் கிரீம் இல்லாமல் கெட்டியாகச் செய்யும் காய்கறிச் சௌடரை, அசலிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொண்ட சிக்கனப் பதிப்பு என்று சொல்வதும் சரியாகாது.

1751 செப்டம்பரில் ‘பாஸ்டன் ஈவ்னிங் போஸ்ட்’ இதழில் வந்த செய்யுள் வடிவச் செய்முறை எல்லோரும் அறிந்தது. வெங்காயம், பன்றி இறைச்சி, மீன், ஊறவைத்த பிஸ்கட் என்று அடுக்கடுக்காகப் பானையில் போட்டு, மூலிகை தூவி, கடைசியில் ஒரு புட்டி சிவப்பு ஒயினும் தண்ணீரும் ஊற்றச் சொல்கிறது. உருளைக்கிழங்கு இல்லை, பால் இல்லை. பால் விடுபட்டது தற்செயலாகவும் இருக்கலாமே என்று கேட்பவர்கள் ஒயினை மறந்துவிடுகிறார்கள். புளிப்பேறினால் பாலிலுள்ள கேசீன் திரளும். திரிவு முழுமையடைவது பி.எச். 4.6 அளவில். சிவப்பு ஒயின் அதைவிடப் புளித்தது. ஒரு புட்டி ஒயின் இறங்கும் பானையில் பாலுக்கு இடம் கிடையாது.

என் வாதத்தின் அச்சாணி லிடியா மரியா சைல்டின் ‘தி அமெரிக்கன் ஃப்ரூகல் ஹவுஸ்வைஃப்’. முதற்பதிப்பு 1829-இல் பாஸ்டனில் வந்தது. நான் பயன்படுத்துவது 1832-ஆம் ஆண்டின் 12-ஆம் பதிப்பு. ஆகவே இங்கு சொல்வன எல்லாம் 1832-க்கே உரியவை, மூன்றாண்டு முன்னுக்குத் தள்ள நான் முயலவில்லை. சைல்டின் சௌடர் நான்கைந்து பேருக்கு 4 பவுண்டு மீனில் தொடங்குகிறது. அடியில் பன்றி இறைச்சித் துண்டுகள், மேலே மீன், அதன் மேல் கிராக்கர் பிஸ்கட்டும் வெங்காயமும் உருளைக்கிழங்கும், மறுபடி மீன். எல்லாவற்றுக்கும் மேலே, பானையிலுள்ளது மூழ்கும் அளவுக்கு மாவு கரைத்த தண்ணீர். பிறகு விருப்பச் சேர்க்கைகள்: எலுமிச்சைத் துண்டுகள் மணம் தரும், ஒரு கப் தக்காளிக் கெச்சப் மிக நன்று, சிலர் பீர் ஊற்றுவதுண்டு. மட்டியும் இந்தப் பட்டியலில்தான் வருகிறது, கொஞ்சம் இருந்தால் நல்லது என்ற அளவில். ஏர்லிக்குச் சௌடரின் உயிராக இருந்த மட்டி, ஒரு நூற்றாண்டுக்கு முன் பாஸ்டனில் தக்காளியோடும் எலுமிச்சையோடும் ஒரே வரிசையில் நின்ற உபசாரப் பொருள்!

இதற்கு உடனே எழக்கூடிய மறுப்பு வலுவானது. கெச்சப் என்பது வினிகரும் மசாலாவும் கலந்த புட்டிச் சரக்கு. ஒரு கப் கெச்சப் ஊற்றியதை வைத்து ‘தக்காளிச் சௌடர்’ என்று பேசலாமா? ஏர்லியின் தரப்பில் நின்று யாராவது வாதாடினால் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் அதே நூலில் கெச்சப்புக்கென்று தனிக் குறிப்பு இருக்கிறது. சௌடர் பற்றி எழுதுவோர் சௌடர்ப் பக்கத்தோடு நூலை மூடிவிடுவதால் இது கண்ணில் படுவதில்லை போலும். சைல்டின் கெச்சப்பில் வினிகர் இல்லை, சர்க்கரையும் இல்லை. தக்காளியைக் கையால் பிசைந்து, உப்பிட்டு 24 மணி நேரம் வைத்து, சல்லடையில் வடித்து, கிராம்பு, மிளகு, ஜாதிபத்திரி, பூண்டு, கடுகு முதலியன சேர்த்து, மூன்றில் ஒரு பங்கு வற்றும்வரை காய்ச்சுகிறார். தக்காளியே நீர் விடுவதால் வேறு திரவம் வேண்டாம் என்கிறார். குறிப்பின் இறுதியில், இதில் ஒரு கப் விட்டால் சூப்பும் சௌடரும் செழுமை பெறும் என்று இன்னொரு முறை சொல்கிறார்.

இரண்டு விஷயங்கள் தெளிகின்றன. இந்தக் கெச்சப் சுண்டிய தக்காளிச் சாறுதான். இன்றைய புட்டிச் சுவையை அதன்மேல் ஏற்றிப் படிக்கக்கூடாது. சௌடரில் அதைச் சேர்ப்பது ஓரிடத்தில் தவறிவிழுந்த யோசனையும் அல்ல, ஏனெனில் நூலின் இரு வேறு இடங்களில் வருகிறது. மேலும், அது தருவதாகச் சைல்ட் சொல்வது செழுமையை. இன்று நாம் கிரீமிடம் கேட்கும் அதே குணத்தை அவர் தக்காளியிடம் கேட்டிருக்கிறார்.

அடுத்து வருவது மெல்லிய சான்று; ஆனாலும் விடமாட்டேன். உருளைக்கிழங்கை நாலு பென்ஸ் காசின் கனத்துக்குச் சீவச் சொல்கிறார் சைல்ட். சீக்கிரம் வேகட்டும் என்பதற்காக மட்டும் இருக்கலாம். ஆனால் அந்தக் கனத்துக்குச் சீவிய கிழங்கு, மீன் வேகும் நேரத்துக்குள் ஓரம் கரையத் தொடங்கிவிடும். ஃபானி ஃபார்மரின் 1896-ஆம் ஆண்டு ‘பாஸ்டன் குக்கிங்-ஸ்கூல் குக் புக்’ நூலின் மீன் சௌடரில், சுடவைத்த பால் 4 கப் வந்துவிடுகிறது. கிழங்கோ முக்கால் அங்குலக் கட்டங்களாகவும் வெட்டப்படுகிறது. மாவுத் தண்ணீரைக் காணோம். பால் உள்ளே வந்ததும் கிழங்குக்கு வேலை மாறிவிட்டது என்று படிக்கிறேன்: முன்பு கரைந்து குழம்பைக் கெட்டியாக்கியது, இப்போது கரண்டியில் அகப்படும் காயானது. இரண்டு நூல்களை மட்டும் வைத்துப் பொதுவிதி சொல்வது துணிச்சல்தான். வெட்டும் அளவை ஒரு தடயமாகப் படிக்க முடியும் என்பதை மட்டும் வலியுறுத்துகிறேன்.

இடையில் 1851 இருக்கிறது. ஹெர்மன் மெல்வில்லின் ‘மோபி-டிக்’ நாவலின் 15-ஆம் அத்தியாயத்தில் நான்டக்கெட் தீவு விடுதியின் மட்டிச் சௌடருக்குப் பொருட்பட்டியலே தரப்படுகிறது: மட்டி, பொடித்த கப்பல் பிஸ்கட், உப்பிட்ட பன்றி இறைச்சி, வெண்ணெய், மிளகு, உப்பு. பால் இல்லை. விடுதியில் பால் இல்லாமலும் இல்லை. மீன் கழிவைத் தின்னும் மாட்டின் பாலில் மீன்வாடை அடிப்பதாக ஒரு வேடிக்கையும் அங்கேயே வருகிறது. பால் பரிமாறப்படுகிறது, பானைக்குள் மட்டும் போகவில்லை. என் கட்சிக்கு மிகவும் உகந்த சாட்சி, ஆகவே சந்தேகத்தோடுதான் அழைக்கிறேன். மெல்வில் நான்டக்கெட்டுக்கு முதன்முறை போனது நூல் வெளியான பிறகு, 1852-இல். இந்தப் பட்டியல் தீவின் வழக்கத்தைக் காட்டுகிறது என்பதைவிட, அன்றைய வாசகர் பாலில்லாச் சௌடரை வியப்பின்றி ஏற்றார் என்பதைக் காட்டுகிறது என்று சொல்வதே பத்திரம்.

ஆக, பால் நுழைந்த காலத்தை 1832-க்கும் 1896-க்கும் இடையில் என்பதற்கு மேல் குறுக்க எனக்குச் சான்று போதவில்லை. கெயில் போர்டன் 1856-இல் காப்புரிமை பெற்ற சுண்டிய பாலோடு இதை முடிச்சுப் போடும் ஆசை எழும். ஃபார்மரின் குறிப்பு டப்பாப் பாலைக் கேட்பதில்லை என்பதால் அந்த முடிச்சை நான் போடவில்லை.

டப்பா வேறொரு இடத்தில் முக்கியமாகிறது. ஃபார்மரின் அதே நூலில் மக்காச்சோளச் சௌடர் இருக்கிறது: ஒரு டப்பா சோளம், 4 கப் உருளைக்கிழங்கு, ஒரு வெங்காயம், ஒரு துண்டு உப்புப் பன்றிக்கொழுப்பு, 4 கப் பால், 8 கிராக்கர். சோளத்தை டப்பாவில் அடைக்கும் முறைக்கு மெய்ன் மாநிலப் போர்ட்லண்டின் ஐசக் வின்ஸ்லோ 1862-இல் காப்புரிமை வாங்கியிருந்தார். மீனும் இல்லை, மட்டியும் இல்லை. ஆனாலும் பாஸ்டன் சமையற்பள்ளி இதைச் சௌடர் என்றே அழைக்கிறது. ‘வெறும் காய்கறி சூப்’ என்று நியூயார்க்காரர்களை விரட்டிய ஏர்லி, தம் வீட்டுப் பரணிலிருக்கும் இந்தச் சோளச் சௌடரை எந்தக் கதவு வழியாக உள்ளே அழைப்பார்? காய்கறி என்பதால் விலக்கினால் இதுவும் போகவேண்டும். பால் இருப்பதால் இதைச் சேர்த்துக்கொண்டால், சௌடரின் இலக்கணம் கடல் அல்ல, பால்தான் என்றாகிறது. அந்தப் பாலின் வயதோ நாம் பார்த்தது.

தக்காளியும் பாலும் ஒரே பானையில் மோதிக்கொண்ட கட்டத்துக்கு ஒரு அச்சுச் சான்று உண்டு. ஃபார்மர் நூலின் 1918 பதிப்பிலுள்ள ரோட் ஐலண்ட் மட்டிச் சௌடரில் ஒரு கப் வடித்த தக்காளி, கால் தேக்கரண்டி சோடா, ஒரு கப் பால், ஒரு கப் கிரீம் எல்லாம் சேர்ந்து வருகின்றன. சோடா எதற்கு என்று வீட்டில் சமைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: புளிப்பை முறித்து, பால் திரியாமல் காக்க. கிரீமும் ஓரளவு அதே காவலுக்குத்தான் வந்தது என்பது என் ஊகம். கொழுப்பு மிகுந்து புரதம் குறைந்த கிரீம், புளிப்பையும் சூட்டையும் பாலைவிட நன்றாகத் தாங்கும். அதாவது தக்காளியை வெளியேற்றாமல் பாலையும் வைத்துக்கொள்ள விரும்பிய வீடுகளுக்குக் கிரீம் ஒரு சமரசம். ஒரே செய்முறையின் மேல் நிற்கும் ஊகம் இது, ஆடினால் ஆடட்டும். சமரசத்தை மறுத்தவர்களின் மொழியில்தான் மெய்ன் மசோதாவும் ஏர்லியின் பத்தியும் பேசுகின்றன. பால் வராதிருந்தால் தக்காளி பகையாகியே இருக்காது. அதே ரோட் ஐலண்டில் பாலும் தக்காளியும் இரண்டும் இல்லாத தெளிநீர்ச் சௌடர் இன்றும் புழக்கத்தில் இருப்பது, இந்தச் சண்டைக்கு முந்தைய அடுக்கின் எச்சமா, சண்டையில் சலித்தவர்களின் பின்னாளைய தேர்வா என்பதில் எனக்கு உறுதியில்லை.

சைல்டின் கெட்டிப்படுத்தும் முறை வேலை செய்கிறதா என்பதை அடுப்பிலேயே சரிபார்க்கலாம். ஃபார்மரின் சோளச் சௌடரை எடுத்துக்கொண்டு, 4 கப் பாலுக்குப் பதில், முத்து உதிர்த்த சோளக் கட்டையை அரை மணி நேரம் வேகவைத்த தண்ணீரை விடலாம். கட்டையில் ஒட்டியிருப்பதைக் கத்தி முதுகால் சுரண்டிச் சேர்த்தால் வெண்மையான மாவுச்சாறு கிடைக்கும். 4 கப் கிழங்கில் ஒன்றரைக் கப்பைக் காசுக் கனத்துக்குச் சீவி, மீதியைக் கட்டமாக வெட்ட வேண்டும். வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, கிழங்கையும் நீரையும் விட்டு மூடி, சிறுதீயில் 25 நிமிடம். 60 பாகை செல்சியஸுக்கு மேல் கிழங்கின் மாவுச்சத்து உப்பத் தொடங்கும். சீவிய துண்டுகள் குருமாவில் கிழங்கு மசிவதுபோல மசிந்து நீரோடு கலக்கும். மத்தால் இரண்டு கடை கடைந்தால் போதும். மிக்ஸியில் அடித்தால் மாவுச்சத்து வெடித்துப் பசையாகிவிடும். பிறகு 2 மேசைக்கரண்டி மைதாவை ஒரு கப் தண்ணீரில் கரைத்து ஊற்றி, சோளம் சேர்த்துக் கொதிக்கவிட்டு, நொறுக்கிய கிராக்கர் ஆறு. தக்காளிச் சாறு விடுவதானால் கிழங்கு வெந்த பிறகே விட வேண்டும், புளிப்புப் பட்டால் கிழங்கு வேகாமல் விறைத்து நிற்கும். சைல்ட் இந்த வரிசையைச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பானையில் அடைத்து ஆவி போகாமல் மூடுகிறார். காசுக் கனத்துக்குச் சீவச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். புளிப்பில் கிடந்தாலும் அவ்வளவு மெல்லிய துண்டு வெந்துவிடும்.