பயணச்சீட்டு வகுத்த பாதை

பாரிஸில் இரண்டு நாள், சுவிட்சர்லாந்தில் இரண்டு நாள், வெனிஸில் ஒரு பகல், ஃபிளாரன்ஸில் ஓர் இரவு, ரோமில் இரண்டு நாள். பதின்ம வயதுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குக் குறுகிய விடுமுறை போய்வரத் திட்டமிடும் குடும்பங்கள் எந்த ஊரில் உட்கார்ந்து கணக்குப் போட்டாலும் கிட்டத்தட்ட இந்தப் பட்டியலில்தான் வந்து நிற்கின்றன. இதில் பிள்ளைகளின் விருப்பம் எவ்வளவு, பெற்றோரின் ஆசை எவ்வளவு என்று வீட்டுக்குள் விவாதம் நடக்கலாம். வரலாற்றைப் பார்த்தால் இரண்டின் பங்கும் குறைவு. எத்தனை நகரங்கள், எந்த வரிசையில், எத்தனை நாள் என்பதை மூன்றரை நூற்றாண்டுகளாகப் பெரும்பாலும் தீர்மானித்து வந்தவை பயணியின் பையில் இருந்த தாள்கள். முதலில் வங்கியாளரின் கடிதம், பிறகு ரயில் கூப்பன், பிறகு மாதச் சீட்டு, இப்போது விசா விண்ணப்பம். ஊர்களின் அருமை பெருமைகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அவற்றுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

பல நகரங்களைச் சுற்றிவரும் இந்த வழக்கம் முதலில் பதின்ம வயதினருக்காகவே ஏற்பட்டது என்பதை மறந்துவிடுகிறோம். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயப் பிரபுக் குடும்பங்கள் தம் மகன்களைப் படிப்பின் கடைசிக் கட்டமாக இரண்டு மூன்று ஆண்டுகள் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் அனுப்பின. ‘கிராண்ட் டூர்’ என்ற அந்தப் பெயர் 1670இல் வெளிவந்த ரிச்சர்ட் லாசெல்ஸின் இத்தாலிப் பயண நூலில் அச்சேறியது. லாசெல்ஸ் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். இளைஞர்களுக்கு ஆசிரியராக இத்தாலிக்குப் பலமுறை போய்வந்தவர். பையனுடன் போகும் ஆசிரியரைக் கரடியை நடத்திச் செல்பவர் என்று ஊரார் கேலி செய்தார்கள். பெற்றோர் வீட்டில் இருந்தார்கள். பையன் வண்டியில் இருந்தான். இருவரையும் இணைத்தது பணக் கடிதம். லண்டன் வங்கியாளர் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பாரிஸிலோ லியோனிலோ ஃபிளாரன்ஸிலோ அவருடைய கூட்டாளியிடம் காட்டினால் பணம் கிடைக்கும், நம் நகரத்தார் உண்டியல் பர்மாவில் செல்லுபடியானதுபோல. கடிதம் செல்லுபடியாகும் ஊர்கள்தான் தங்கும் ஊர்கள். ராபர்ட் பாயில், பின்னாளில் வேதியியலின் முன்னோடியான அதே பாயில், 1639இல் பன்னிரண்டு வயதில் அண்ணன் ஃபிரான்சிஸுடனும் மார்கோம்ப் என்ற ஆசிரியருடனும் கிளம்பினான். ஜெனீவாவில் படிப்பு, பிறகு ஃபிளாரன்ஸ், ரோம். 1642இல் மார்செய் வந்தபோது அயர்லாந்தில் கலகம் வெடித்திருந்தது. தந்தை அனுப்பிய பணம் கைக்கு வரவில்லை. பயணம் அங்கேயே அறுந்தது. அண்ணன் ஊர் திரும்பினான். ராபர்ட் ஜெனீவாவுக்குத் திரும்பி, ஆசிரியரின் பொறுப்பில் ஈராண்டு இருந்தான். கடைசியில் அவர் பெயரில் கடனுக்கு வாங்கிய சில நகைகளை வழிநெடுக விற்றுத்தான் 1644இல் இங்கிலாந்து வந்து சேர்ந்தான். பார்க்க வேண்டியவை தீர்ந்ததால் முடிந்த பயணம் இல்லை அது.

இதற்கு ஒரு மறுப்பு எழும். பெரிய ஓவியங்களும் கோயில்களும் அந்த ஊர்களில் இருந்தன, ஆகவே போனார்கள். இதில் சீட்டுக்கும் கடிதத்துக்கும் என்ன வேலை என்று கேட்கலாம். ஆனால் கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அப்போதும் அங்கேதான் இருந்தது. ஏதென்ஸின் பார்த்தினானும் இருந்தது. ஆங்கிலப் பிரபுவின் மகன் வழக்கமாக ஸ்பெயினுக்கோ கிரேக்கத்துக்கோ போகவில்லை. ஸ்பெயினில் நல்ல சத்திரங்களும் சாலைகளும் அரிது. கிரேக்கம் உதுமானியர் ஆட்சியில், கப்பலும் தொற்றுநோய்க் காவலும் தாண்டிப் போக வேண்டிய தூரத்தில் இருந்தது. குதிரை மாற்றும் நிலையங்களும் வங்கித் தொடர்பும் எங்கே முடிந்தனவோ அங்கே ‘பார்க்க வேண்டிய ஐரோப்பா’வும் முடிந்தது. இன்னொரு சான்று ஆல்ப்ஸ். இன்றைய பட்டியலில் முதலிடம் கேட்கும் அந்த மலை அன்று வெறும் தடை. மோன் செனி கணவாயில் வண்டியைக் கழற்றிக் கோவேறு கழுதைகள்மேல் ஏற்றினார்கள். பயணிகளைச் சுமையாட்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். 1739இல் அப்படிப் போன ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போலின் செல்ல நாயை ஓநாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. நெப்போலியன் போட்ட சாலையும், 1871இல் திறந்த சுரங்க ரயில் பாதையும் வந்தபிறகு மலையைக் கடப்பது ஒரு பொருட்டாக இல்லை. அழகை உணரும் கண்ணும் அந்தக் காலத்தில் மாறியது உண்மைதான். மலையழகைப் போற்றிய ருஸோவைப் படித்தவர்கள் மலையைத் தேடிப் போனார்கள். ஆனால் அவர்கள் சிலர். மலையைப் பலருடைய விடுமுறையாக்கியது தண்டவாளம்.

இன்னொரு மறுப்பு வருத்தத்தோடு வரும். அன்று மூன்று ஆண்டு பார்த்ததை இன்று பத்து நாளில் பார்க்கிறோம். நிதானம் போனதால் பயனும் போயிற்று என்பது. நிதானத்தைக் கண்ணாரக் கண்டவர்கள் அதை அவ்வளவு மெச்சவில்லை. தத்துவவாதி ஜான் லாக் 1693இல் கல்வியைப் பற்றி எழுதியபோது, பதினாறிலிருந்து இருபத்தொன்று வரையிலான வயதுதான் இப்பயணத்துக்கு எல்லாவற்றிலும் பொருந்தாத வயது என்றார். மொழி கற்கச் சிறுவயதில் அனுப்பு, அல்லது தானே யோசிக்கத் தெரிந்தபின் அனுப்பு, நடுவில் அனுப்பாதே என்பது அவர் வாதம். ஆடம் ஸ்மித்தின் சாட்சியம் இன்னும் கனமானது, ஏனென்றால் அவரே கரடியை நடத்திப் போனவர். 1764இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பதவியை விட்டுவிட்டு, பதினேழு வயதுப் பக்ளூ பிரபுவுக்கு ஆசிரியராகப் பிரான்சுக்குக் கிளம்பினார். அதற்கு ஆயுள் முழுக்க ஆண்டுக்கு 300 பவுண்டு ஓய்வூதியம். தூலூஸ் நகரில் மாதக்கணக்கில் தங்கியபோது பொழுது போகாமல் ஒரு நூல் எழுதத் தொடங்கியிருப்பதாக நண்பர் டேவிட் ஹியூமுக்குக் கடிதம் எழுதினார். 1776இல் ‘நாடுகளின் செல்வம்’ வெளிவந்தபோது, பதினேழு பதினெட்டில் வெளிநாடு போய் இருபத்தொன்றில் திரும்பும் இளைஞர்கள் அகம்பாவமும் ஒழுக்கக் கேடும் கூடி, உருப்படியான எந்த வேலைக்கும் ஆகாதவர்களாக வருகிறார்கள் என்று அதில் சாடியிருந்தார். தன் மாணவனோடு அவருக்கு ஆயுள் முழுக்க நட்பு நீடித்தது. ஆகவே இது சொந்தக் கசப்பு என்று தள்ளிவிட முடியாது. நாட்கள் நீண்டிருந்ததற்குக் காரணம் குதிரையின் வேகமும் தந்தையின் செல்வமும். கல்வி நோக்கம் அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

நெப்போலியன் போர்கள் ஓய்ந்த 1815க்குப் பிறகு ஆங்கிலக் கால்வாயைக் கடந்தவர்கள் வேறு வகையினர்: மனைவி மக்களோடு வந்த நடுத்தரப் பணக்காரர்கள். இவர்களுக்கு ஆசிரியர் கிடையாது, புத்தகம் வேண்டும். அதைக் கொடுத்தவர்களில் முன்னோடி மரியானா ஸ்டார்க். இவருடைய தந்தை கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்தவர். மகள் எழுதிய நாடகங்களிலும் இந்தியா வருகிறது. நோயுற்ற உறவினரோடு இத்தாலியில் பல ஆண்டுகள் தங்கிய அனுபவத்தை வைத்து, தங்குமிடம், துணி வெளுப்பு, உணவு விலை என்று குடும்பத்துக்குத் தேவையானதையெல்லாம் எழுதினார். ஓவியங்களுக்கு ஆச்சரியக்குறி போட்டு மதிப்பிட்டதும் அவரே; நட்சத்திரக் குறிகளின் பாட்டி என்று சொல்லலாம். இந்தக் காலத்துக் குடும்பங்களில் நம் பொருளுக்கு மிக நெருங்கியது ரஸ்கின் குடும்பம். 1833இல் ஷெர்ரி மது வணிகரான தந்தை, தாய், பின்னாளில் கலை விமர்சகரான பதினான்கு வயது ஜான். சாமுவேல் புரௌட் வரைந்த பிளாண்டர்ஸ், ஜெர்மனி நகரக் காட்சிகளின் தொகுப்பு வீட்டுக்கு வந்தது. மகன் அதிலேயே ஆழ்ந்து கிடப்பதைக் கண்ட தாய், நேரில் போய்ப் பார்த்தால் என்ன என்றார். வாடகை வண்டி பேசி, வழிகாட்டும் பணியாள் ஒருவரை அமர்த்தி, பிளாண்டர்ஸ், ரைன் கரை, ஷாஃப்ஹவுசன், மிலான், ஜெனோவா, ஷாமொனி என்று போனார்கள். ரோம் அந்தப் பாதையில் இல்லை. கைநிறையப் பணமும் சொந்தமாகப் பேசிய வண்டியும் இருந்ததால் பையன் விரும்பிய புத்தகம் பாதையை வகுக்க முடிந்தது. தாள்களே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன என்ற வாதத்துக்கு இது விலக்கு என்று யாரேனும் காட்டலாம். என் கணக்கில் இது வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது: தாளின் பிடி தளர்ந்த இடத்தில்தான் பிள்ளையின் குரல் கேட்டது.

அந்தப் பிடியை எல்லாருக்குமாக இறுக்கியவர் ஆங்கிலேயப் பயண ஏற்பாட்டாளர் தாமஸ் குக். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது, இறுக்கியதால்தான் மலிவாயிற்று. 1855இல் பாரிஸ் பொருட்காட்சிக்கு ஆட்களை அழைத்துப் போக நினைத்தார். குறுக்கு வழியான கால்வாய்ப் பாதையைக் கையில் வைத்திருந்த நிறுவனங்கள் சலுகைக் கட்டணம் தர மறுத்தன. ஹார்விச்சிலிருந்து ஆன்ட்வெர்ப் போகும் வழி மட்டுமே அவருக்குக் கிடைத்தது. ஆகவே பாரிஸுக்குப் போக ஆன்ட்வெர்ப், பிரஸ்ஸெல்ஸ், கொலோன், ரைன் நதி, ஹைடல்பர்க், பாடன்-பாடன், ஸ்ட்ராஸ்பூர்க் என்று ஒரு பெரிய வட்டம் போட்டார். ஒரே மூச்சில் பல நாடுகளைச் சுற்றும் கூட்டுப் பயணத்தின் தொடக்கம் ஒரு கட்டணத் தகராறு. அந்தப் பயணத்தில் அவருக்கு நஷ்டம்தான். ஆனால் வட்டம் நிலைத்துவிட்டது. 1863இல் சுவிட்சர்லாந்து, மறு ஆண்டு இத்தாலி. 1868 முதல் விடுதிக் கூப்பன்கள் வந்தன: எந்த ஊரில் எந்த விடுதியில் படுக்கை, காலை உணவு, இரவு உணவு என்பது லண்டனிலேயே முடிவாகி, கையில் சீட்டுக் கட்டாக வந்துவிடும். லா ஸ்பெசியாவில் பிரிட்டிஷ் துணைத் தூதராக இருந்த நாவலாசிரியர் சார்ல்ஸ் லீவர், 1865இல் புனைபெயரில் இந்தக் கூட்டத்தை எள்ளி நகையாடினார்; ஆஸ்திரேலியா ஏற்க மறுத்த குற்றவாளிகளை இத்தாலிக்குக் கடத்துகிறார்கள் என்று அவர் கிளப்பிவிட்ட கதையைச் சிலர் நம்பவும் செய்தார்கள். குமாஸ்தாக்களும் பள்ளி ஆசிரியைகளும் ஃபிளாரன்ஸைப் பார்ப்பது அவருக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். அவசரத்தைப் பற்றிய பழைய புலம்பல்களில் பாதி இந்த ரகம். குக் சீட்டை வைத்திருந்தவர் ஓர் ஊர் பிடித்துப்போய்க் கூடுதலாக நான்கு நாள் தங்க விரும்பினால் அடுத்த ஊரின் கூப்பனும் சக பயணிகளும் காத்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

நாட்களைச் சுருக்கியது சட்டம். 1936இல் பிரான்சும் 1938இல் பிரிட்டனும் ஊதியத்தோடு விடுமுறை தரச் சட்டம் இயற்றின, முன்னது இரண்டு வாரம், பின்னது ஒரு வாரம். ஊரெல்லாம் ஒரே மாதத்தில் கிளம்பும் வழக்கம் இதிலிருந்து வந்தது. 1969இல் வந்த அமெரிக்க நகைச்சுவைப் படம் ஒன்று, 18 நாளில் ஒன்பது நாடு சுற்றும் குழுவைக் கிண்டல் செய்தது. செவ்வாய்க்கிழமை என்றால் இது பெல்ஜியமாகத்தான் இருக்கும் என்பதே அதன் தலைப்பு. குக்கின் வட்டத்தை விமானக் காலத்துக்கு நீட்டியதன் விளைவு அது.

பயணத்தை மீண்டும் இளையோர் கையில் கொடுத்தது 1972ஆம் ஆண்டு. சர்வதேச ரயில்வே ஒன்றியத்தின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, 21 வயது வரையுள்ளவர்களுக்கு, 21 நாடுகளில், ஒரு மாதம் இரண்டாம் வகுப்பில் எங்கும் போகலாம் என்ற இன்டர்ரெயில் சீட்டு வந்தது. பிரிட்டனில் விலை 27.50 பவுண்டு. ஒரு வருடத்துக்கென்று தொடங்கியது, விற்ற விற்பனையில் நிரந்தரமாயிற்று. வயது வரம்பு பிறகு 26 வரை ஏறி, 1998இல் எல்லாருக்கும் திறந்தது. இந்தச் சீட்டின் கணக்கு குக் கணக்குக்கு நேர் எதிர்: பாதை முன்கூட்டி முடிவாக வேண்டியதில்லை, இன்னொரு நகரத்துக்குக் கூடுதல் செலவு ஏறக்குறைய பூஜ்யம். விளைவு என்ன? இளைஞர்கள் நிதானமாக இரண்டு ஊர்களில் தங்கினார்களா? பெரும்பாலும் இல்லை. தூரம் கூடக் கூடச் சீட்டின் மதிப்புக் கூடியதால், இரவு ரயிலையே விடுதியாக்கிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு நகரங்களைத் தொட்டார்கள். ஊர் எண்ணிக்கையைப் பெருக்கியது பெற்றோரின் பேராசை என்று சொல்பவர்கள் இந்தச் சான்றைக் கவனிக்க வேண்டும். பெற்றோர் அருகில் இல்லாத பதினெட்டு வயதினரும் அதையே செய்தார்கள், ஏனென்றால் சீட்டு அதற்குத்தான் பரிசளித்தது. 2018 முதல் பதினெட்டு வயதானவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் இலவசமாகவே ரயில் சீட்டுகள் தருகிறது.

1997இல் ஐரோப்பிய வான்வழி முழுவதுமாகத் திறந்துவிடப்பட்டபின் ஒருவழி விமானச் சீட்டு மலிந்து, புறப்பட்ட ஊருக்கே திரும்பும் வட்டமும் தேவையற்றதாயிற்று. ஆனால் இந்தியக் குடும்பத்துக்கு இந்தச் சுதந்திரம் பாதிதான் கிடைக்கிறது. 1995இல் நடைமுறைக்கு வந்த ஷெங்கன் ஏற்பாட்டால் ஒரே விசாவில் பல நாடு போகலாம். எண்ணிக்கை பெருகுவதற்கு அது முதல் தூண்டுதல். அதே விசாவுக்கு, எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாள்வாரிப் பயணத் திட்டமும் தங்குமிடச் சான்றும் முன்கூட்டியே காட்ட வேண்டும். அதாவது, கைப்பேசியில் நொடியில் சீட்டு வாங்கும் காலத்திலும் விசா மேசையின் முன் நாம் 1868இன் கூப்பன் பயணிகள். பன்னிரண்டு வயதானால் பிள்ளைக்கு முழு விசாக் கட்டணம். அதே வயதில் ரயில் பாஸிலும் இலவசம் நின்று இளையோர் கட்டணம் தொடங்குகிறது. செலவுக் கணக்கில் ஓர் ஆளாகிவிட்ட அந்தப் பிள்ளை, பாதையைப் போடும்போது மட்டும் ஆளாக எண்ணப்படுவதில்லை.

இவ்வளவையும் தாள்கள் செய்தன என்றால் நமக்குத் தெரிவு எதுவும் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது, ஆனால் எல்லையோடு. விசாவுக்குத் தேவை ஒரு திட்டம் மட்டுமே; அதில் ஐந்து நகரம் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 1833இல் ரஸ்கின் குடும்பம் ரோமை விட்டுவிட்டுப் போனது. மகனுக்கு அதனால் கலையறிவு குறைந்துவிடவில்லை. ஆகவே விண்ணப்பம் நிரப்பும் முன், அந்த நாள்வாரித் திட்டத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து இரண்டு நகரங்களை அடிக்கச் சொல்லுங்கள். அவர்கள் அடிப்பது பாரிஸாகவே இருந்தாலும் விட்டுக்கொடுங்கள்.