குழந்தை அசைவா, வாயுவா?

கருவுற்ற பெண் குழந்தையின் அசைவை முதன்முதலில் உணர்வது பெரும்பாலும் 18 முதல் 20 வாரங்களுக்குள். தலைச்சன் பிள்ளையானால் சற்றுத் தாமதமாகலாம். முன்பே பெற்றவளுக்கு 16 வாரத்திலேயே தெரிந்துவிடலாம். அந்த முதல் அசைவு மிக மெல்லியது, குடலில் வாயு நகர்வதைப் போன்றது. கர்ப்ப காலத்தில் கூடும் புரோஜெஸ்ட்ரோன் குடல் தசைகளைத் தளர்த்திச் செரிமானத்தை மந்தப்படுத்துவதால், பொருமலும் மலச்சிக்கலும் அதே மாதங்களிலும் வாட்டுகின்றன. அசைந்தது எது என்ற குழப்பத்துக்கு உடலே காரணம். ஒரு காலத்தில் இங்கிலாந்தில் அரச வாரிசுரிமையும் தூக்குத் தண்டனையும்கூட இந்தக் கேள்விக்கான விடையைச் சார்ந்திருந்தன.

ஆண் சிசு ஏறக்குறைய 40ஆம் நாளிலும் பெண் சிசு 90ஆம் நாளிலும் அசையத் தொடங்கும் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். கணக்கு தவறானது. ஆனால் அசைவே உயிரின் அடையாளம் என்ற எண்ணம் ஐரோப்பிய மருத்துவத்திலும் சமயச் சிந்தனையிலும் சட்டத்திலும் நெடுங்காலம் நிலைத்தது. தாயின் வயிற்றில் குழந்தை அசையும் நிலையை எட்டும்போதே சட்டத்தின் பார்வையில் உயிர் தொடங்குகிறது என்று 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் எழுதினார். அங்கே மரண தண்டனை பெற்ற பெண் தான் கர்ப்பிணி என்று முறையிட்டால், பன்னிரண்டு மூத்த பெண்கள் அடங்கிய குழு அவளைத் தனியறையில் சோதித்தது. கரு இருந்தால் மட்டும் போதாது, அது அசைந்திருக்க வேண்டும். அப்போதுதான் தண்டனை தள்ளிவைக்கப்படும். 1833இல் நாரிச் நகரில் ஒரு பெண்ணுக்கு அசைவு இல்லை என்று இந்தக் குழு சொல்லிவிட்டது. பிறகு சோதித்த மருத்துவர்கள் அவள் கர்ப்பிணிதான் என்று கண்டதால் தண்டனை நின்றது. அவளுக்குக் குழந்தையும் பிறந்தது. அந்தப் பன்னிரண்டு பேரைக் குறை சொல்வது நியாயமாகாது. கைகளைத் தவிர அவர்களிடம் வேறு கருவி எதுவும் இருக்கவில்லை. இந்த முறை 1931இல்தான் ஒழிக்கப்பட்டது.

அரண்மனையின் கதை இதைவிடத் துயரமானது. 1554 ஜூலையில் ஸ்பெயினின் பிலிப்பை மணந்த இங்கிலாந்து அரசி முதலாம் மேரிக்கு அப்போது 38 வயது. மாதவிலக்கு நின்றது, வயிறு பெருத்தது. நவம்பரில் போப்பின் தூதரான கார்டினல் போல் என்பவர் அவரைச் சந்தித்தபோது குழந்தை அசைந்ததாக மேரி உணர்ந்தார். தேவாலயங்களில் நன்றி வழிபாடு நடந்தது. 1555 ஏப்ரலில் பேறுகாலத்துக்காக ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் தங்கினார். பிறப்பை அறிவிக்கும் கடிதங்கள் தேதி காலியாக விடப்பட்டுத் தயாராயின. ஆண் குழந்தை பிறந்துவிட்டது என்ற வதந்தியில் லண்டனில் மணிகள் ஒலித்தன. மே போனது, ஜூன் போனது, ஜூலையும் போனது. இந்தக் கர்ப்பம் வெறும் வாயுவாகத்தான் முடியும் என்று வெனிஸ் தூதர் எழுதினார். ஆகஸ்டில் மேரி எந்த அறிவிப்புமின்றி அரண்மனையை விட்டு அகன்றார். கட்டியா, பொய்க் கர்ப்பமா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். எதுவாயினும், அவர் பொய் சொல்லவில்லை. வயிற்றில் ஏதோ அசைந்ததாக உணர்ந்தார். குழந்தை வேண்டி ஏங்கிய மனம் அதைக் குழந்தையென்று நம்பியது.

1803இல் இங்கிலாந்தில் வந்த சட்டம் அசைவுக்குப் பின் செய்யும் கருக்கலைப்புக்கு மரண தண்டனையும், அதற்கு முன் செய்வதற்குக் குறைந்த தண்டனையும் விதித்தது. 1837இல் இந்த வேறுபாடு அங்கே நீக்கப்பட்டது. ஆனால் 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் அதைத் தக்கவைத்துக்கொண்டது: 312ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, குழந்தை அசையும் நிலையிலிருந்தால் ஏழாண்டு வரை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவிலும் அந்த வேறுபாடு தொடர்கிறது.

அசைவது குழந்தையா, வாயுவா என்ற குழப்பத்தைத் தீர்க்கும் வழி காதின் மூலம் வந்தது. பிரெஞ்சு மருத்துவர் லாயெனெக் 1816இல் ஸ்டெதாஸ்கோப்பை உருவாக்கியிருந்தார். குழந்தை அசையும்போது பனிக்குட நீர் தளும்பும் ஓசையைக் கேட்கலாமா என்று அதை ஒரு கர்ப்பிணியின் வயிற்றில் வைத்துப் பார்த்தார் இன்னொரு பிரெஞ்சு மருத்துவர் கெர்காராதெக். அவருக்குக் கேட்டது தாயின் நாடியோடு ஒத்துப்போகாத, மிக வேகமான ஓர் இதயத் துடிப்பு. 1821 டிசம்பரில் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் அதை அறிவித்தார். எந்த வாயுவாலும் எழுப்ப முடியாத ஓசை அது. இந்த வரலாற்றின் மிகப் பெரிய திருப்பம் இதுவே. 1847இல் குளோரோஃபார்மைப் பேறுகாலத்துக்குக் கொண்டுவந்த எடின்பரோ மருத்துவர் சிம்ப்சன், பொய்க் கர்ப்பத்தில் மயக்கம் கொடுத்ததும் தசைகள் தளர்ந்து வயிறு தணிந்துவிடுவதையும் கண்டார். 1958இல் கிளாஸ்கோ மருத்துவர் இயன் டொனால்டும் அவருடைய கூட்டாளிகளும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் படங்களை லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அதன்பின் குழந்தை இருக்கிறதா என்ற கேள்வி தாயின் உணர்வைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் குழந்தை நலமாக இருக்கிறதா என்பதற்கு அந்த உணர்வு மீண்டும் தேவைப்பட்டது. வயிற்றிலேயே இறக்கும் சிசுக்கள் பல, அதற்கு முன் அசைவைக் குறைத்துக்கொள்கின்றன. 1970களில் ஜெருசலேம் மருத்துவர் சடோவ்ஸ்கி அசைவுகளை எண்ணும் முறையை ஆராய்ந்தார்; 1976இல் வேல்ஸின் கார்டிஃபில், காலை ஒன்பது மணியிலிருந்து தொடங்கிப் பத்து அசைவுகள் வரை எண்ணும் அட்டவணை வந்தது. ஏறத்தாழ 68,000 பெண்களிடம் நடந்து 1989இல் வெளியான ஆய்வு, எல்லோரையும் எண்ணச் சொல்வதால் இறப்புகள் குறையவில்லை என்று காட்டியது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை உள்ளடக்கி பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2018இல் வெளியான ஆய்விலும், அசைவு குறைவதைப் பற்றிய விழிப்புணர்வுத் திட்டத்தால் இறப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. அதனால் இப்போதைய அறிவுரை எண்ணிக்கையை வலியுறுத்துவதில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அசைவு வழக்கம் உண்டு. 28 வாரங்களுக்குப் பின் அது குறைந்தாலோ மாறினாலோ, வயிற்றுப் பொருமலால் தெரியவில்லை என்று தள்ளிப்போடாமல் அன்றே மருத்துவமனையில் இதயத் துடிப்பைப் பார்க்கச் சொல்கிறார்கள்.